செத்த வீட்டில் கேட்காத கேள்வி

மதிப்புக்குரிய மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, இலங்கைத்துறைக் கடலோடு மல்லுக்கட்டி வாழும் பெரியோர்களே, அடுப்பில் உலை கொதிக்க ஓடிவந்திருக்கும் தாய்மாரே, இந்த டீச்சர் எப்போது இறங்குவார் என்று காத்திருக்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

மூதூர் முஸ்லிம்களின் படகுகள் இனி நம் கரையில் ஏறக்கூடாது. இதுதான் இன்று வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானம். காரணம்? ஊரில் சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை எவரும் வலை இறக்குவதில்லை. சின்னராசா அண்ணர் காலமான அன்று அவர்களும் கடலுக்குப் போகவில்லை. மறுநாள் விடியப் போய்விட்டார்கள்.

"அப்பாவின்ர உடம்பு வீட்டில கிடக்க எஞ்சின் சத்தம் கேட்டுது, டீச்சர்! மறக்க ஏலாது!"

ஓம், திலக்சன். உங்களை மறக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒற்றுமை விழாக்களை நம்புகிறவளும் அல்ல நான். நான்கு மதத்தவரும் ஒரே குத்துவிளக்கை ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டு, நான்கு வாகனங்களில் திரும்பிப் போனதை எத்தனை தடவை பார்த்துவிட்டேன்! அதனால் அந்தப் படகுகளின் முதலாளி லாபிர் நானாவிடமே போய்க் கேட்டேன்.

"எங்கட ஆக்கள் மௌத்தானா அண்டைக்கே அடக்கம், டீச்சர். அவரையும் எடுத்திட்டாங்க எண்டுதான் நினைச்சம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"செத்த வீட்டு வாசல்ல நிண்டு, எப்ப தூக்குவீங்க எண்டு கேக்கிறதா? நீங்க கேப்பீங்களா?"

நான் கேட்டிருக்கமாட்டேன். அண்ணரின் மூத்த மகன் கட்டாரிலிருந்து வரும்வரை உடலை வைத்திருந்தோமே, அதை அவர்களுக்கு நாம் சொன்னோமா? ஒரே கடல், ஒரே கரை, ஒரே மொழி. ஆனாலும் ஒருவர் வீட்டுச் சாவு மற்றவருக்குத் தெரியாத பாடம்!

"அப்ப அவங்கள் செய்தது சரியோ?"

பிழைதான், தம்பி. பிழைக்காகப் பிழைப்பைப் பறிப்பதா?

இந்த நாட்டில் எத்தனை சபைகளில் தமிழராகிய நம்மை எண்ணினார்கள்! எண்ணினார்கள், குறைவு என்று கண்டார்கள், நம்மைக் கேளாமலே நம் கதையை முடித்தார்கள். அதற்கு ஜனநாயகம் என்று பெயரும் வைத்தார்கள். நாம் கொதித்தோம். இன்று இந்த மண்டபத்தில் நாம் பெரும்பான்மை. ருசியாக இருக்கிறதா?



லாபிரைக் கட்டித் தழுவச் சொல்லி நான் வரவில்லை. அவரைப் பிடிக்காமலே இருங்கள். ஆனால் அவரைக் கேளாமல் அவர் வீட்டு அடுப்பை அணைக்காதீர்கள். ஒருமைப்பாட்டில் நான் நம்புவது இவ்வளவுதான். அதற்கே இத்தனை கஷ்டப்படுகிறோம்!

அவர் வாசல் படலைக்கு வெளியே நிற்கிறார். உறுப்பினர் அல்லாதவர் என்று விடவில்லையாம். தலைவர் அவர்களே, எனக்குத் தந்த நேரத்தில் மிச்சம் இருக்கிறது. அதை அவருக்குத் தருகிறேன். என் கதிரையும் காலியாகத்தான் இருக்கிறது. கோபத்தோடும் இருந்து கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.

லாபிர் நானா, உள்ளே வாருங்கள்.