வலது பின்சக்கரம்

— மிதி மாப்ளே.

— மிதிச்சிட்டேன்.

— ஒரு தரம் போதாதுப்பா. மூணு தரம் மிதி. மூணாவது தரம் அப்படியே அழுத்திக்கிட்டு, "பிடிச்சிருக்கேன்"னு குரல் கொடு. நான் கீழ சக்கரத்துல இருக்கற நிப்பிள் திருகாணியைத் திறப்பேன். பிரேக் பைப்புக்குள்ள இருக்கற காத்தும் ஆயிலும் ட்யூப் வழியா பாட்டிலுக்கு வரும். நான் மூடற வரைக்கும் காலை எடுத்துடாதே. எடுத்தியோ, வெளிக்காத்தையும் சேர்த்து இழுத்துக்கும்.

— பதினெட்டு வருஷம் லாரி ஓட்டினவனுக்கு பிரேக் மிதிக்கச் சொல்லித்தர்றியா மச்சான்?

— ரெண்டு வருஷமா ஓட்டலையே, அதான் சொன்னேன்.

— ஜெயில்ல லாரி கொடுக்க மாட்டாங்க.

— ...மிதிப்பா.

— பிடிச்சிருக்கேன்.

— திறந்துட்டேன். அடேயப்பா, கன்னங்கரேல்னு வருது பாரு. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வெயில்லயும் மழையிலயும் நின்ன வண்டி, ஆயில் வேற எப்படி இருக்கும்! குமிழ் குமிழா அடிக்குது. மூடிட்டேன், விடு.

— விட்டாச்சு.

— மேல டப்பாவுல ஆயில் குறையாம பார்த்துக்கோ. அது காலியானா நாம பண்ற கூத்தெல்லாம் வீண்.

— பாதிக்கு மேல இருக்கு. ரைட்டு, அடுத்தது?

— இதே சக்கரம்தான். குமிழ் நிக்கற வரைக்கும் இதேதான். மிதி... கேக்கணும்னு நெனச்சேன் மாப்ளே. ஊர்ல வேற ஷெட்டே இல்லையா? ஞாயித்துக்கிழமை, ஆளுங்க யாரும் வரலை. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு நிம்மதியா டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன். நீ இன்னொரு வண்டியில கயிறு கட்டி இதை இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தறே. டீ கிளாஸை அப்படியே கீழ வச்சுட்டேன்.

— ஏன், பயமா?

— அடிக்க வந்திருக்கியோன்னு நெனச்சேன்.

— அடிக்கணும்னா ஸ்பேனரை உன் கையில கொடுத்துட்டு நான் மேல ஏறி உட்காருவேனா? பிடிச்சிருக்கேன், திற.

— திறந்தாச்சு... மூடியாச்சு. விடு. அப்போ எதுக்குத்தான் வந்தே?

— வண்டியை வித்துட்டேன். சாயங்காலம் புது ஆள் வந்து எடுத்துக்கறான். சின்ன வயசுக்காரன், போன மாசம்தான் கல்யாணமாம். இந்த சீட்லதான் உட்காரப் போறான். நீ பாதியில விட்ட வேலையை நீயே முடிச்சுக் கொடு.

— பாதியில விட்டேன்னு யார் சொன்னா?

— நீதான் சொன்னே, கோர்ட்டுல.

— நான் அப்படிச் சொல்லவே இல்லையே! "முழுசா முடிச்சுத்தான் கொடுத்தேன்"னு இல்ல சொன்னேன்?

— ஆமா. வக்கீல் கேட்டது என்ன? "முந்தின நாள் நீங்க பிரேக் வேலை பார்த்தீங்களா?" அவ்வளவுதான். பார்த்தேன்னு சொல்லிட்டு இறங்கியிருக்கலாம். "நாலு பக்கமும் முழுசா முடிச்சுத்தான் ஐயா கொடுத்தேன்"னே. யாரும் கேட்காத அந்த "முழுசா" எதுக்கு வந்துச்சு? ரெண்டு வருஷமா உள்ள உட்கார்ந்து நான் மென்னது சோறு இல்ல மச்சான், அந்த ஒரு வார்த்தையைத்தான்.

— கூண்டுல ஏறினா வாய் உளறும்ப்பா. உனக்குத் தெரியாதா?

— எனக்குத் தெரியும். நானும் ஏறினவன்தான்.

— ...இந்த இடது பின்சக்கரம் சுத்தமாயிடுச்சு. ஆயில் தேன் மாதிரி வருது. டிரம்மைப் பிடிக்கற லைனிங்கையும் செட் பண்ணிட்டேன். டிரம் நிக்கற அளவுக்கு டைட் வச்சு, அட்ஜஸ்டரை ரெண்டு பல்லு பின்னால எடுத்தாச்சு. இனி ஒட்டாது, உரசாது.

— ரைட்டு. வலது பக்கம் போ.

— போறேன், போறேன். முட்டி பிடிச்சுக்குச்சுப்பா, ஒரு நிமிஷம்... வீட்ல எல்லாரும் சௌக்கியமா?

— நான் வந்து ஆறு நாளாச்சு. உன் தங்கச்சி தட்டு வைக்கிறா, சோறு போடறா, துணி துவைச்சுப் போடறா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா.

— என்கிட்டயும்தான். ரெண்டு வருஷமாச்சு. வாசல் வரைக்கும் போனா கதவைச் சாத்திடுவா. அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்கினேன், அப்படியே வெளியில கிடந்துச்சு. மழையில நனைஞ்சு முளை விட்டுச்சு.

— முந்தாநாள் தையல்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

— எந்தத் தையல்காரர்?

— எத்தனை தையல்காரரை நான் ஏத்திக் கொன்னேன் மச்சான்?

— ஐயோ... அங்க எதுக்குப்பா போனே? அந்தம்மா உன்னைப் பார்த்ததும்...

— கத்தலை. நாற்காலி எடுத்துப் போட்டாங்க. நான் உட்காரலை. தையல் மெஷின் மேல போர்வை போட்டு மூடி வச்சிருக்காங்க. அன்னிக்கு சைக்கிள்ல கட்டிக்கிட்டு வந்தாரே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சட்டை, அதுல ரோட்ல சிதறினது போக மிச்சத்தைப் போலீஸ்ல கொடுத்தாங்களாம். அதைத் துவைச்சு, ஒவ்வொண்ணுக்கும் பட்டன் வச்சு, அந்தந்த வீட்ல கொண்டுபோய்க் கொடுத்தாங்களாம் அந்தம்மா. கறை போகாததை மட்டும் வச்சுக்கிட்டாங்க.

— போதும் மாப்ளே.

— உனக்குப் போதும். அவங்க என்னை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "பிரேக் பிடிக்கலையா, இல்ல நீ பிடிக்கலையா?"ன்னு.

— நீ என்ன சொன்னே?

— செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்... என்ன, கீழ சத்தத்தையே காணோம்? மிதிக்கவா?

— இரு. நிப்பிள் அசைய மாட்டேங்குது. துரு ஏறிப் போச்சு.

— எப்போ ஏறின துரு?

— ரெண்டு வருஷம் நின்ன வண்டியில...

— மச்சான். எப்போ ஏறின துரு? நான் இறங்கி வரட்டுமா?

— வேண்டாம். மேலயே இரு. உன் மூஞ்சியைப் பார்த்தா என்னால சொல்ல முடியாது.

— சொல்லு.

— அன்னிக்கும் இது இப்படித்தான் இருந்துச்சு. முனை மழுங்கி, ஸ்பேனர் வழுக்கிக்கிட்டே போச்சு. பலமா திருகினா ஒடிஞ்சுடும். ஒடிஞ்சா லைனிங்கைத் தள்ளற வீல் சிலிண்டரையே மாத்தணும். கடையெல்லாம் அடைச்சாச்சு, காலையில பத்து மணிக்குத்தான் திறப்பான். நீ என்னடான்னா, விடிஞ்சதும் லோடு ஏத்தலைன்னா பார்ட்டி கைவிட்டுப் போயிடும்னு குதிச்சே. மத்த மூணுலயும் காத்து எடுத்தேன். இதை மட்டும்...

— இதை மட்டும்?

— விட்டுட்டேன். ஒரு ட்ரிப்தானே, போயிட்டு வரட்டும், வந்ததும் மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்ப்பா.

— என்கிட்ட ஏன் சொல்லலை?

— நீ வீட்டுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்தே. விடியக்காலையில வண்டி எடுக்கப்போற மனுஷனை எழுப்புவானேன்னு... இல்ல. அதுவும் பொய். சொன்னா திட்டுவே. பெரிய மெக்கானிக்னு பேரு, ஒரு நிப்பிளைக் கழட்டத் தெரியலையான்னு கேட்பே. அதுக்குத்தான் சொல்லலை.

— கோர்ட்டுல?

— கோர்ட்டுல பயம். உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க, ஷெட்டுக்கு சீல் வச்சுடுவாங்கன்னு பயம். உனக்கென்ன, டிரைவர்தானே, லைசென்ஸ் போகும், கண்டிச்சு விட்டுடுவாங்கன்னு எவனோ சொன்னான். நானும் நம்பினேன். நம்பினா வசதியா இருந்துச்சு. ஜட்ஜ் ரெண்டு வருஷம்னு படிச்சதும் நான் வராந்தாவுல போய் வாந்தி எடுத்தேன்.

— எனக்கு அந்த வசதி இல்ல. ரெண்டு பக்கமும் போலீஸ் பிடிச்சிருந்தாங்க.

— திட்டு மாப்ளே. வாய்க்கு வந்தபடி திட்டு. ஸ்பேனரை வேணா மேல தூக்கிப் போடறேன்.

— இந்தச் சக்கரத்துக்கு இப்போ என்ன பண்ணப் போறே? அதைச் சொல்லு. சாயங்காலம் அந்தப் பையன் வந்துடுவான்.

— புது சிலிண்டர் இருக்கு. அலமாரியில, மேல் தட்டுல, நீல டப்பா. நீ உள்ள போன மறுவாரமே வாங்கினேன். இந்த வண்டிக்குன்னு. எதுக்கு வாங்கினேன்னு எனக்கே தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் அதை எடுத்துத் துடைச்சு வைப்பேன்.

— டப்பாவைக் கொண்டாறேன். நீ டிரம்மைக் கழட்டு.

— தனியா இழுக்க முடியாது, கனம். ஒரு கை கொடு... ம், அப்படித்தான். விரலைப் பார்த்து. இறக்கு, இறக்கு. வந்துடுச்சு.

— ஏன் குனிஞ்சுக்கிட்டே இருக்கே?

— நட்டு எங்கன்னு தேடறேன்.

— நட்டு உன் கையிலதான் இருக்கு.

— ...ஆமா.

— மூஞ்சியைத் துடைச்சுக்கோ. எல்லாம் கிரீஸ்.

— இதோ பாரு, பழைய சிலிண்டர். உள்ள ரப்பரே ஊறிப் போச்சு. இதுக்குள்ளதான் காத்து அடைஞ்சு கிடந்துச்சு. நீ மிதிச்ச மிதியெல்லாம் அந்தக் காத்தைத்தான் நசுக்கியிருக்கு, லைனிங்கைத் தள்ளவே இல்ல. லோடு வேற ஏறி, பாலத்து இறக்கத்துல...

— எனக்கு விளக்க வேண்டாம். அந்தப் பெடல் தரையைத் தொட்டப்போ என் கால்தான் அதுமேல இருந்துச்சு. ரெண்டு தரம் அடிச்சேன். மூணாவது அடிக்கறதுக்குள்ள சைக்கிள் வந்துடுச்சு.

— ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? ரெண்டு வருஷமா உறுத்திக்கிட்டு இருக்கு. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி மிதிச்சுப் பார்க்காம எடுக்கற ஆளில்லையே நீ? அன்னிக்கு மிதிச்சுப் பார்க்கலையா?

— உன்னை நம்பினேன்.

— ம். அதுக்கு மேல நான் என்னத்தைக் கேட்க? வாயை மூடிக்க வேண்டியதுதான்.

— புது சிலிண்டர்ல பைப்பை முடுக்கிட்டியா?

— முடுக்கியாச்சு. டிரம்மைத் தள்ளு. ம்... இதையும் செட் பண்ணிட்டேன். சுத்திப் பாரு, வழுவழுன்னு ஓடுது. மேல ஏறு, மிதி.

— பிடிச்சிருக்கேன்.

— ஐயோ, என்னமா பொங்குது பாரு! விடு. மறுபடி மிதி. விடு... இன்னொரு தரம்... மிதி... நின்னுடுச்சு. ஒரு குமிழ் இல்ல.

— ரைட்டு. முன்பக்கம் ரெண்டும் முடி. பேசாம முடி.

— ...மிதி.

— பிடிச்சிருக்கேன்.

— விடு. அந்தப் பக்கம் போறேன்... மிதி.

— பிடிச்சிருக்கேன்.

— விடு. இப்போ சும்மா மிதிச்சுப் பாரு, எப்படி இருக்கு?

— கல்லு மாதிரி இருக்கு. கால் பாகத்துலயே நிக்குது.

— அப்பாடா. அன்னிக்கு மட்டும் இப்படி... சரி, விடு. மாப்ளே, சீட்ல இருந்து இறங்காதே. இன்னும் ஒண்ணு சொல்லணும். அதையும் கீழ இருந்தே சொல்லிடறேன்.

— இன்னும் என்ன இருக்கு?

— இந்த வேலைக்கு ரெண்டு ஆள் வேணும், உனக்கே தெரியும். அன்னிக்கு ராத்திரி உன் வீட்டு வாசல்ல வச்சுத்தான் பண்ணினேன். மேல உட்கார்ந்து மிதிச்சது யாருன்னு நீ ஒரு நாளும் கேட்கலை.

— கேட்கலை.

— என் தங்கச்சி. உன் பொண்டாட்டி. உலையை அடுப்புல வச்சுட்டு வந்து, கைப்பிடித் துணியோட ஏறி உட்கார்ந்தா. கடைசியா மிதிச்சுட்டு, "என்னண்ணே, பஞ்சு மாதிரி அமுங்குதே?"ன்னா. "உனக்கென்ன தெரியும், இறங்கிப் போய் உலையைப் பாரு"ன்னு விரட்டினேன். கோர்ட்டுல எதிர் பெஞ்சுல உட்கார்ந்து, நான் "முழுசா"ன்னு சொன்னதைக் கேட்டுக்கிட்டு இருந்தா. கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை அவளுக்கு. அதுதான் அவளைத் தின்னுது. அதனாலதான் உன் மூஞ்சியைப் பார்த்துப் பேச முடியலை. அவளை ஒண்ணும் கேட்டுடாதே மாப்ளே. தப்பு என்னோடது. நாளைக்கு நானே தையல்காரர் வீட்டுக்குப் போறேன். அந்தம்மா கால்ல விழுந்து, என்னாலதான் எல்லாம், இந்த மனுஷன் ஒரு பாவமும் அறியாதவன்னு சொல்லிடறேன். போலீஸ்ல சொல்லணும்னாலும் சொல்றேன். நீ கூட வந்து வாசல்ல நின்னாப் போதும். இதைக் கேட்கத்தானே வந்தே?

— இதைக் கேட்கத்தான் வந்தேன்.

— அப்புறம் என்ன, வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்கே? அவ உன்கிட்ட மறைச்சதுதான் வருத்தமா?

— மறைக்கலை மச்சான்.

— என்னது?

— விடியக்காலையில என்னை எழுப்பி, "பெடல் அமுங்குது, அண்ணன் சரியாப் பண்ணலை, இன்னிக்கு எடுக்காதீங்க"ன்னா. நானும் ஏறி மிதிச்சுப் பார்த்தேன், அமுங்கத்தான் செஞ்சுது. சாவியைக் கைக்குள்ள இறுக்கி மூடிக்கிட்டு வாசல்ல குறுக்கே நின்னா. ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போனவன் நான்.