ரொட்டிக் கிரீடமும் இரண்டு கூடைகளும்

மாவு மணக்கும் இந்த மாமன்றத்தின் மணிமகுடமே, பஞ்சு வைத்துத் தைத்த வாடகை நாற்காலியில் பாங்குற வீற்றிருக்கும் அடுமனையாளர் சங்கத் தலைவர் அவர்களே, உறவுமுறையில் என் அத்தான் அவர்களே! அனல் முன் நின்று நின்றே அகவை முதிர்ந்த பெரியோர்களே! ஊர் விழிக்குமுன் விழித்து, உலர்ந்த மாவுக்கு உயிர் கொடுக்கும் தாய்மார்களே! இருக்கை கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் சகோதரர்களே! ‘இவர் எப்போது முடிப்பார், தேநீர் எப்போது வரும்’ என்று இப்போதே வாசலைப் பார்க்கும் வாலிப நெஞ்சங்களே! மேசையின் மேல், பட்டுத்துணியின் கீழ், முகம் காட்டாமல் முடங்கிக் கிடக்கும் கிரீடமே, உனக்கும் என் வணக்கம்.

கிரீடத்துக்கு எதற்கு வணக்கம் என்று முன்வரிசைப் பெரியவர் கேட்கிறார். பொறுங்கள் ஐயா. வேகுமுன் அடுப்பைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது உங்கள் தொழிலின் முதல் பாடம் அல்லவா?

நான் அடுமனைக்காரன் அல்லன். பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருபவன். என்னை ஏன் இந்த மேடையில் ஏற்றினார்கள்? நம் சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். கேக்குக்கு ஐசிங் வைப்பது அவர் தொழில். ஆளுக்கு ஐஸ் வைப்பதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வந்தவர் சொன்னார்: “சார், நம்ம தலைவர் ராஜா மாதிரி. இங்கிலீஷ்ல ராஜா, ராணி, கிரீடத்துக்கெல்லாம் பெரிய பெரிய வார்த்தை இருக்குமே, அதுக்கு அர்த்தம் சொல்லி அவரைத் தூக்கிப் பேசுங்க. நீங்க முடிக்கும்போது ஜனம் கை தட்டும். அந்தக் கைதட்டலையே தீர்மானமா எடுத்துக்கிட்டு, இவர்தான் ஆயுள் தலைவர்னு அறிவிச்சிடுவோம்.”

“அப்போ தேர்தல்?” என்றேன்.

“போட்டியே இல்லையே சார்.”

“போன கூட்டத்துல ஒருத்தங்க எழுந்து, நானும் நிக்கிறேன்னு சொன்னாங்களே?”

“அது குடும்ப விஷயம் சார். வீட்டுலயே பேசித் தீர்த்துக்கிடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க மாட்டீர்களா? எழுந்து நின்ற அந்த ‘ஒருத்தங்க’ யார்? இதோ, தாய்மார்கள் வரிசையில் மடியில் துணிப்பையோடு அமர்ந்திருக்கும் என் அக்கா. தலைவரின் இல்லத்தரசி. அன்று என்ன கேட்டார்? அரண்மனை கேட்டாரா? அரியணை கேட்டாரா? “மாவு பிசையுறவங்க தூங்குற நேரமாப் பாத்தே எல்லாக் கூட்டமும் வெக்கிறீங்க. நாங்க முழிச்சிருக்கிற நேரத்துல ஒரு கூட்டம் வெக்க நாதி இல்ல. அதனால நானும் நிக்கிறேன்” என்றார். அவ்வளவுதான். மேடையில் அத்தான், எதிரில் அக்கா, நடுவில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இன்றைக்கு மத்தளம் நான்தான்.

சரி, கேட்டபடி ராஜா வார்த்தைகளுக்கு வருவோம்.

‘கிங்’ என்கிறோமே, அந்தச் சொல் பிறந்தபோது தலையில் கிரீடம் இல்லை, கையில் வாள் இல்லை. பழைய ஆங்கிலத்தில் குலத்தைக் குறித்த சொல் ஒன்று உண்டு. அதிலிருந்து வந்தது அது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். குலத்தில் பிறந்தவன், குடிக்கு உரியவன், நம்மில் ஒருவன். உறவாய் வந்தவனைத்தான் முதலில் ‘கிங்’ என்றார்கள். பிறகு சொல் உயர்ந்தது. உயர உயர உறவுக்காரர்கள் சிறுத்தார்கள். கடைசியில் யாருடைய உறவாக இருந்தாரோ அவர்களே வாசலில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

“நீங்களும் அத்தான் வீட்டு வாசலில் காத்திருந்தீர்களா” என்று ஒரு குரல். காத்திருந்தேன் தம்பி. போன வாரம்கூட. தலைவர் ஓய்வெடுக்கிறார் என்றார்கள்.

‘மார்ஷல்’ என்று ஒரு பட்டம். படைகளையே நடத்தும் பெரும் பட்டம். அதன் பிறப்பைத் தோண்டினால் என்ன வருகிறது? குதிரைக்கு ஒரு பழஞ்சொல், வேலையாளுக்கு ஒரு பழஞ்சொல், இரண்டும் சேர்ந்தது. குதிரை வேலைக்காரன். புல் போட்டவன், குளிப்பாட்டியவன், சாணி அள்ளியவன். குதிரை அரசனுடையது ஆனதால் லாயக்காரன் பெரிய ஆளானான். பெரிய ஆளானதும் சாணி அள்ள வேறு ஆள் வைத்தான். செயலாளர் ஏன் நெளிகிறார்? நான் குதிரையைத்தானே சொன்னேன்.

சொல் எப்படி உயர்கிறது? உங்களுக்குத் தெரியாததா? பிசைந்த மாவு எப்படி உயர்கிறதோ அப்படித்தான். உள்ளே காற்று புகுகிறது, உருவம் உப்புகிறது.

இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள். இது உங்கள் வீட்டுச் சொல். ‘லார்டு’, ‘லார்டு’ என்று உலகமே உச்சரித்ததே, பிரபு என்றும் ஆண்டவன் என்றும் அண்ணாந்து பார்த்ததே, அதன் ஆதி வடிவம் என்ன? ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி. ‘வேர்டு’ என்றால் காவலன். ரொட்டிக் காவலன். வீட்டில் ரொட்டியைக் காத்து, பசித்தவர்க்குப் பங்கிட்டவன் எவனோ அவன்தான் லார்டு. கை தட்டுங்கள், உங்கள் தொழிலுக்காகத் தட்டுங்கள். ஆனால் காலம் என்ன செய்தது? வாய் அவசரத்தில் அந்தச் சொல்லைத் தேய்த்தது. முன்னாலிருந்த ரொட்டி தேய்ந்தது, பின்னாலிருந்த காவல் தேய்ந்தது, கடைசியில் லார்டு மட்டும் மிஞ்சியது. ரொட்டியை மறந்த பிறகும் பிரபு பிரபுவாகவே உட்கார்ந்திருக்கிறார்.

நான் நாற்காலியைப் பார்க்கவில்லை. நீங்கள்தான் பார்க்கிறீர்கள்.

லார்டு ரொட்டியைக் காத்தார் என்றால், காக்க ரொட்டி எங்கிருந்து வந்தது? ‘லேடி’ என்கிறோமே, சீமாட்டி, பிரபுவின் மனைவி, அந்தச் சொல்லிலும் அதே ரொட்டிதான் ஒளிந்திருக்கிறது. அதன் பின்பாதிக்குப் பொருள் பிசைபவள். ரொட்டி பிசைபவள். தாய்மார்களே, அவர் பிசைந்தார், இவர் பூட்டினார். அவர் கையில் மாவு, இவர் இடுப்பில் சாவி. என் அக்கா வீட்டில் இதைக் கண்ணாரக் கண்டவன் நான். அக்கா பிசைந்து, உருட்டி, வேக வைத்து அடுக்குவார். அத்தான் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். கடைக்கு வருபவர்கள் அத்தானைத்தான் கும்பிடுவார்கள்.

“தலைவர் கையில மாவு பட்டு எவ்வளவு காலமாச்சு?” என்று யாரோ கேட்கிறார்கள். “அந்தப் பெரிய மோதிரம் போட்டதுலேர்ந்து படல” என்று அதற்குப் பதிலும் அங்கேயே கிடைக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை, அத்தான். கூட்டம் அறிவுள்ள கூட்டம்.

‘குயின்’ என்ற சொல்லையும் விட மனமில்லை. அதற்கு ஆதியில் பெண் என்று பொருள். மனைவி என்று பொருள். அதே வேரில் அதற்கு ஒரு தங்கைச் சொல் பிறந்தது. அதற்கும் பொருள் பெண்தான். அக்கா அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டாள், அரசி ஆனாள். தங்கை தெருவில் நின்றாள், நாளடைவில் அவளைத் துடுக்குக்காரி, வாயாடி, அடங்காதவள் என்றார்கள். ஒரே வேர், ஒரே குருதி. பக்கத்தில் உட்கார்ந்தால் அரசி, எதிரே எழுந்து நின்றால் அடங்காப்பிடாரி. போன கூட்டத்தில் என் அக்கா எழுந்து நின்றபோது பின்வரிசையில் என்ன பெயர் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னவர் இப்போது கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிறார். நன்றாகத் துடையுங்கள் அண்ணா, வியர்க்கிறது.

இப்போது கிரீடத்துக்கு வருகிறேன். ‘கிரவுன்’ என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்கு மாலை, தலையில் சூட்டும் வளையம் என்று பொருள். போரிலும் போட்டியிலும் வென்றவன் தலையில் இலையைப் பின்னி வைத்தார்கள். இலைக்கு ஒரு நற்குணம் உண்டு, அது வாடும். வாடினால் இறக்கித்தான் ஆக வேண்டும். மறுபடி சூட வேண்டுமா? மறுபடி வெல்ல வேண்டும். பிறகு ஒரு புத்திசாலி அதைப் பொன்னில் செய்தான். பொன் வாடவில்லை. வாடாததைத் தலையில் வைத்தவனுக்கு இறக்கத் தோன்றவில்லை. ஆயுள் தலைவர் என்ற நோய் அன்றைக்குத்தான் பிறந்திருக்க வேண்டும். இது அகராதியில் இல்லை, என் சொந்தச் சரக்கு.

நம் சங்கம் எப்படிப்பட்ட சங்கம்? வாக்குச் சீட்டே இல்லாமல் தேர்தல் நடத்தும் சங்கம். ஆளுக்கொரு பன், தன் கையால் பிசைந்து, தன் கையால் சுட்ட பன். அதைத் தமக்குப் பிடித்தவரின் கூடையில் போட வேண்டும். எண்ணி முடித்ததும் எல்லோரும் கூடித் தின்றுவிடுவோம். மறு எண்ணிக்கை கேட்டு எவனும் வர முடியாது. இப்படியொரு தேர்தலை எந்த மன்னன் கண்டான்? அதைத்தான் இன்று கைதட்டலில் கரைக்கப் பார்க்கிறார்கள். ‘இந்த வருஷம் பன் வேண்டாம்’ என்று செயலாளர் சொல்லியும், இந்த மண்டபத்தில் ஏன் இப்படி வாசனை அடிக்கிறது? எல்லார் மடியிலும் பை எதற்கு? பழக்க தோஷமாம். வாழ்க உங்கள் பழக்க தோஷம்.

சரி, துணியை விலக்கும் நேரம் வந்துவிட்டது.

பொன் கிரீடம் வேண்டாம், நம் தொழிலுக்கு ரொட்டிக் கிரீடம்தான் கௌரவம் என்று தலைவரே சொன்னார். பெருந்தன்மை. அதையும் தன் கையாலேயே செய்வதாகச் சொன்னார். நேற்று மாலை அக்கா வீட்டு அடுக்களையில் நானும் இருந்தேன். அத்தான் மோதிரத்தைக் கழற்றி வைத்தார். மாவைத் தானே பிசைந்தார். ஒரு நூலைத் தலையைச் சுற்றிப் பிடித்து அளவெடுத்தார். அந்த நூலின் நீளத்துக்குச் சரியாக மாவை உருட்டி, வளைத்து, வளையமாக ஒட்டினார். அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னங்க, உள்வட்டம் இன்னும் பெருசா இருக்கணும். வேகும்போது மாவு உப்பும்.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

“சரி, உங்க இஷ்டம்” என்று அக்கா போய்விட்டார். வளையம் அடுப்புக்குள் போனது. வெளியே வந்தபோது எப்படி வந்தது? இதோ பாருங்கள்.

தூக்கிக் காட்டுகிறேன், கடைசி வரிசை வரை தெரிகிறதா? வெளியே உப்பி, உள்ளேயும் உப்பி, நடுவிலிருந்த வட்டம் சுருங்கிச் சுருங்கி, இப்போது என் கட்டைவிரல் மட்டும்தான் நுழைகிறது. இதைத் தலையில் சூட்ட முடியாது. வேண்டுமானால் செயலாளர் விரலில் மாட்டிக்கொள்ளலாம்.

சிரித்தது போதும். அத்தான் முகம் சிவந்துவிட்டது. அத்தான், உங்களை அவமானப்படுத்தவா இங்கே நிற்கிறேன்? என் அக்காவைக் கட்டிய நாள் முதல் என்னைப் பிள்ளையாய்ப் பார்த்தவர் நீங்கள். உங்கள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதனால்தான் மற்றவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன். நெடுங்காலம் கழித்து மாவில் கை வைத்தீர்கள். கை மறந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் இது என்ன? இதை யார் பிசைந்தது? நீங்கள். யார் சுட்டது? நீங்கள். சங்க விதி என்ன சொல்கிறது? தன் கையால் பிசைந்து, தன் கையால் சுட்டது. கிரீடமாகத்தான் இது தோற்றது, அத்தான். வாக்காகச் செல்லும். இதைத் தலையில் வைத்தால் நீங்கள் ஒருவர்தான் ராஜா. கூடையில் போட்டால் நீங்கள் எங்களில் ஒருவர். ‘கிங்’ என்ற சொல்லின் முதல் பொருளும் அதுதானே.

அத்தான் எழுகிறார். ஒலிபெருக்கியைக் கேட்கிறாரா? இல்லை, கிரீடத்தைக் கேட்கிறார். இந்தாருங்கள், உங்கள் பொருள்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம், நான் சொல்கிறேன். “எங்கப்பா அந்தக் கூடைங்க?” என்று கேட்டார். செயலாளர் “அண்ணே, ஆயுள் தலைவர்...” என்று இழுத்தார். “ஆயுள் கிடக்கட்டும், நீ கூடையைக் கொண்டா” என்றார். இரண்டு கூடைகள் வருகின்றன. மேசையில் வைத்தாயிற்று. வலப்பக்கம் அத்தானுடையது, இடப்பக்கம் அக்காவுடையது. அத்தான் கிரீடத்தோடு வருகிறார். மண்டபமே மூச்சுப் பிடித்துப் பார்க்கிறது. யாருக்குப் போடப்போகிறார்? மனைவிக்கா? மனம் மாறிவிட்டாரா?

தன் கூடையிலேயே போட்டுக்கொண்டார்.

“எனக்கு நானே போட்டுக்காம வேற எவன் போடுவான், மாப்ளே?” என்கிறார். இது நியாயமான பேச்சு. எனக்கு அத்தானை எப்போதும் பிடிக்கும், இந்த நிமிடம் ரொம்பப் பிடிக்கிறது. மோதிரம்? அதைப் பைக்குள் போட்டுவிட்டார், நான் பார்த்தேன்.

அக்காவும் வருகிறார். துணிப்பையைத் திறக்கிறார். ஒரே ஒரு பன், செக்கச் செவேல் என்று, உருண்டையாக. இடப்பக்கக் கூடையில் வைக்கிறார். வலப்பக்கக் கூடையை எட்டிப் பார்த்து, “நேத்தே சொன்னேன், உப்பும்னு” என்கிறார். அத்தான் சிரித்துவிட்டார்.

ஒன்றுக்கு ஒன்று. சமம்.

என்னிடம் கேட்டது கைதட்டல் வாங்கித் தரும் பேச்சு. தாய்மார்களே, பெரியோர்களே, தயவுசெய்து கை தட்டாதீர்கள். அந்தக் கைகளில் பன் இருக்கிறது; கீழே விழுந்துவிடும். வரிசையில் வாருங்கள். தூங்கும் நேரத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்கள் முதலில் வரட்டும். பெரிய நாற்காலி காலியாக இருக்கிறது. கால் வலிப்பவர்கள் அதில் உட்கார்ந்துகொள்ளலாம்.

பேச விட்ட தலைவருக்கு நன்றி, பிசைந்து வந்த கைகளுக்கு வணக்கம். ஐசிங் செயலாளருக்கு ஒரு சொல்: எண்ணி முடிந்ததும் அந்தக் கிரீடத்தில் எனக்கு ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.