திருப்பிக் கேட்கும் தாம்பூலம்

சங்கராபுரத்தில் கள்ளக்குறிச்சி செல்லும் பேருந்தில் ஏறிய அம்மையார், என் முன்னிருக்கையில் அமர்ந்ததும் தம் கணவரிடம் கேட்டார்: "குடுத்த தாம்பூலத்த எப்பிடிங்க திருப்பிக் கேக்கறது?"

"தாம்பூலம் வாணாம். பையில நிச்சயதார்த்த போட்டோ போட்டுக் குடுத்தமே, அந்த பென் டிரைவ மட்டும் கேளு. நம்ம வூட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கும்போலன்னு ரிப்பேர் கடக்காரரு இப்பதான சொன்னாரு? அதுலருந்துதான காப்பி பண்ணோம்."

"சம்பந்தியம்மா இன்னா நெனப்பாங்க?"

"மாப்ள அத கள்ளக்குறிச்சி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டறேன்னாரே. அவரு வேல போயிட்டா?"

ஈசன் திருநாமத்தை முணுமுணுத்தவாறே அம்மையார் கைபேசியில் அழைத்தார்.

"நல்லா இருக்கீங்களா சம்பந்தி? மாப்ள கெளம்பிட்டாருங்களா?... பென் டிரைவும் எடுத்துக்கினா போனாரு?"

கணவர் எழுந்து நின்று நடத்துநரை நோக்கினார்.

"அண்ணே, வண்டி இன்னும் கொஞ்சம் வேகமா போவாதா?"