மேல் பஞ்சமம்

போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வையுங்கள், தம்பி. பைக்குள் இருந்தால் துணி உரசுகிற சத்தம்தான் பதிவாகும். மைக் அடிப்பக்கம் இருக்கிறது, அதை என் பக்கம் திருப்புங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறேன். பதிவு செய்வதென்று வந்துவிட்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

கிராஞ்சித் தொழிலாளர் விடுதியிலிருந்து பேருந்து மாறி மாறி வந்திருப்பீர்கள். உங்கள் தங்கை வைஷாலி உள்ளே துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நாம் பேசுவது அவளுக்குக் கேட்கும். குறுக்கே பேச மாட்டாள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பெயரில் நடக்கிற சேதுபதி இன்னிசைக் குழு, தேக்கா பக்கத்தில் மூன்று தலைமுறைகளுக்குத் தெரிந்த பெயர். கல்யாணம், கோயில் திருவிழா, சமூக மன்றத்துத் தீபாவளி என்று நாங்கள் ஏறாத மேடை இல்லை. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சேதுபதி பெயரில் பாடியவர் வேறு பெயரில் பாடுவதில்லை. என் தங்கை பாடினாள். கல்யாணமாகிப் போன பிறகு அவள் குளியலறையில்கூடப் பாடியதில்லை என்று அவள் கணவரே பெருமையாகச் சொல்வார்.

உங்கள் வீட்டில் பெண் எடுத்தது அந்தக் குரலுக்காக. குடும்பம் பார்த்து எடுத்திருந்தால், லாரியின் பின்னால் ஏறிக் கூலி வேலைக்குப் போகிற அண்ணன் இருக்கிற வீட்டுக்கு நான் வந்திருக்க மாட்டேன். கோபப்படாதீர்கள், ரஞ்சன். உள்ளதைச் சொல்கிறேன்.

மூன்று வருடம் நன்றாகத்தான் பாடினாள். பிறகு ஒரு நாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, கேலாங்ல ஒரு குழு கேக்குறாங்க. தீபாவளிக்கு அப்புறம் நம்ம குழுவ விட்டுத் தனியா பாடலாம்னு இருக்கேன். அவருக்கும் எனக்கும்தான் சரியா வரலையே. நீங்க பெரியவங்க, உங்ககிட்ட சொல்லாம போகக் கூடாது."

அவர் என்றது என் மகன் நிதீஷை. அவர்களுக்குள் சரியில்லை என்பது எனக்கும் தெரியும்.

"தாராளமா பாடும்மா. யாரு வேணாம்னா?" என்றேன்.

மறுநாள் போய் அந்தப் பெட்டியை வாங்கிவந்தேன். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். பிளகின் பிளேயர் என்பார்கள். கணினிக்குள் ஓடுகிற வாத்தியங்களையும் ஒலிகளையும் இதற்குள் ஏற்றிவிட்டால், மேடையில் கணினியே வேண்டாம். கீபோர்டில் கை வைத்தால் பெட்டி பாடும். காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாணத்தில் மாலை மாற்றும் நேரத்தில் நிதீஷின் மடிக்கணினி உறைந்துபோய், பந்தலே சிரித்தது.

"அப்பா, உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்? நான் செட்டப் பண்றேன் லா," என்றான் நிதீஷ்.

அவனுக்குப் பொறுமை கிடையாது. நானே செய்தேன். பிளகின் என்கிற அந்த வாத்திய மென்பொருள்களைக் கணினியில் அடுக்கி, தேவையில்லாததை நீக்கி, பெட்டிக்குள் ஏற்றினேன். திருகுகிற குமிழ் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகக் காலடியில் ஒரு பெடல். சரஸ்வதி பூசையன்று பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது வைஷாலிதான். "உங்க புது மருமக வந்துட்டா மாமா. எதிர்த்துப் பேச மாட்டா," என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்புறம் அவள் குரலை அதற்குள் ஏற்றத் தொடங்கினேன். மேடையில் தொண்டை கட்டிக்கொண்டால் கைகொடுக்கும் என்று சொல்லிவைத்தேன். பாட்டுகளை வரி வரியாகப் பாட வைத்து, வரிக்குக் கீபோர்டில் ஒரு விசை கொடுத்தேன். 'ஆ' என்று இழுக்கிற ஆகாரத்தை ஸ்வரம் ஸ்வரமாக எடுத்தேன். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெல்ல ஒரு தடவை, நடுத்தரமாக ஒரு தடவை, முழு மூச்சில் ஒரு தடவை. அப்படி எடுத்தால்தான் விசையை மெல்லத் தொட்டால் மெல்லப் பாடும், அழுத்தினால் உரக்கப் பாடும். ஏசி சத்தம் விழும் என்று அணைத்துவிடுவேன். அலமாரிக் கதவுகளைத் திறந்து போர்வை தொங்கவிட்டு, அவளை நடுவில் நிற்க வைப்பேன். வேர்த்து ஊற்றும். ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. பெரியவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்று உங்கள் அம்மா நன்றாக வளர்த்திருக்கிறார்.

"இந்தப் பெட்டிக்குப் பசியே அடங்காதா மாமா? காலைலேருந்து என்னையே தின்னுது," என்பாள்.

நடு ஸ்தாயி முடிந்த வாரத்தில் குரல் கம்மியது. தொண்டை நிபுணரிடம் நான்தான் அழைத்துப் போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். சீனர், நல்ல மனிதர், வேகமாக ஆங்கிலம் பேசுவார். வைஷாலிக்கு அந்த வேகம் பிடிபடாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னது இது. குரல்நாணில் ரத்தம் கட்டியிருக்கிறது. ஆறு வாரம் பேச்சே கூடாது. அப்படி இருந்தால் தானாக ஆறிவிடும். இப்போது உரக்கப் பாடினால் நாண் கிழியும், பிறகு அந்தக் குரல் திரும்பாது.

"என்ன சொல்றாரு மாமா?"

"உடம்பு சூடும்மா. பனங்கற்கண்டு போட்டுப் பால் குடிக்கணுமாம். பாட்ட மட்டும் நிறுத்தக் கூடாதாம். நிறுத்துனா குரல் இறுகிடுமாம்."

அவள் டாக்டரைக் கும்பிட்டாள். டாக்டரும் சிரித்தபடி தலையசைத்தார்.

நேற்று அவளை அங்கே மறுபடியும் அழைத்துப் போனீர்களாம். தமிழ் பேசுகிற தாதி ஒருவர் பழைய குறிப்பைப் படித்துச் சொன்னாராம். அந்தத் தாதி அன்று இல்லை. இருந்திருந்தாலும் நான் முந்திக்கொண்டு சொல்லியிருப்பேன். வாய் தவறியது, வயதாகிவிட்டது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ஆறு வாரம் காத்திருந்தால் தீபாவளி தாண்டிவிடும். குரல் தேறிய கையோடு அவள் கேலாங் போய்விடுவாள். எனக்கு இன்னும் மேல் ஸ்தாயி பாக்கியிருந்தது.

அதனால் மறுநாளே எடுத்தேன். முழு மூச்சுத்தான், மெல்ல வேண்டாம் என்றேன். மேல் காந்தாரத்தில் இருமினாள். டிஷ்யூவில் கொஞ்சம் சிவப்பாக இருந்தது. அவள் அதை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள், நான் பார்த்துவிடக் கூடாது என்று.

"மாமா, நாளைக்குப் பாடட்டுமா?"

"பஞ்சமம் ஒண்ணுதாம்மா. அத முடிச்சிட்டா உன்ன விட்டுடுவேன்."

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நானும் எத்தனையோ பாடகர்களைக் கேட்டிருக்கிறேன், தம்பி. அப்படி ஒரு பஞ்சமத்தைக் கேட்டதில்லை. அது நின்றதிலிருந்து அவள் வாயில் வெறும் காற்றுதான் வருகிறது. கடைசியில் வந்த அந்தக் கரகரப்பை மட்டும் வெட்டிவிட்டேன்.

தீபாவளி மேடையில் பட்டுப் புடவை கட்டி நின்று வாயசைத்தாள். அவள் பாடியதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். இவ்வளவு நன்றாக அவள் பாடி நாங்கள் கேட்டதில்லை என்று சங்கத் தலைவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தொண்டை கட்டியிருக்கிறது, அதற்குத்தானே பெட்டி என்று நினைத்து நிதீஷும் கீபோர்டில் அவள் குரலை வாசித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனை இதில் இழுக்காதீர்கள். அவளுக்கும் அன்றைக்குத் தெரியாது. பால் குடித்தால் சரியாகிவிடும் என்று என்னை நம்பிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் போலீசுக்குப் போகலாம். இந்தப் பதிவையும் கொண்டுபோங்கள். தெரிந்தே செய்தேன் என்பதை வேண்டுமானால் இன்னொரு முறையும் சொல்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சேதுபதி பெயரில் பாடியவள் இனி வேறு பெயரில் பாட மாட்டாள். வழக்கம் தவறவில்லை.

ஆனால் வந்ததும் வாசலில் நின்று ஒன்று சொன்னீர்கள். "என் தங்கச்சி கொரல நாசம் பண்ணிட்டீங்களே மாமா" என்றீர்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் குரலை என்னைப் போல் யாரும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை. பெட்டியைப் போடுகிறேன், நீங்களே கேளுங்கள். போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்துங்கள்.

இதுதான் அந்தப் பஞ்சமம். எங்கேயாவது பிசிறு தட்டுகிறதா?

திரும்பிப் பார்க்காதீர்கள். கதவருகே அவள்தான் நிற்கிறாள், அழுகிறாள். அழட்டும். சத்தம் வராது, பதிவு கெடாது.