சம்பந்தி குடுத்த கறுப்புப் பாவாடை

— கறுப்பிலயோ? நாலு நாளா நிண்டு பலகாரம் சுட்டு, பிளாட் புஷ் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டு, நாளைக்குக் கலியாணத்தண்டு என்ர பிள்ளை கறுப்பை உடுத்துக்கொண்டு வாசல் இறங்கிறதோ? நடக்காது, நிருஜா.

— அம்மா, கோயிலில கூறைச் சீலைதானே. மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வரேக்க மட்டும் இந்த ஜுப்லேத்தாப் பாவாடை. அல்பேனியாவில மலைநாட்டுப் பொம்பிளையள் உடுக்கிறது. ஆர்பென்ர அம்மா தன்ர கையால தைச்சவ.

— தையலை நான் குறை சொல்லேல்லை. இருபத்திரண்டு வரியமா பாட்டனி டவுன்ஸில தையல் கடை வைச்சிருக்கிற எனக்குத் தெரியாதே? கம்பளியைப் பட்டி பட்டியாப் பொருத்தி, கோயில் மணி மாதிரி விரிஞ்சு நிக்குது. பாரமும் ஒரு மூட்டை அரிசிப் பாரம். எனக்கு நிறந்தான் வேண்டாம்.

— சிவப்பு நூல் வேலையும் இருக்குத்தானே.

— கதையை மாத்தாதை. நீ கறுப்பு உடுத்தால் நான் கோயிலுக்கு வரமாட்டன். சத்தியமா அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கு இருப்பன்.

— விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா. நீங்கள் இல்லாமல் நான் என்னெண்டு மணவறையில இருக்கிறது? எனக்கு அழுகை வருது.

— அழாதை, அழாதை. கொம்மா ஒரு வழி பாத்து வைச்சிருக்கிறன். காலமை சம்பந்தியோட கதைச்சனான்.

— திரித்தா அன்ரியோடயோ? எந்த மொழியில?

— போன் மொழிபெயர்த்துச் சொல்லுது, பிறகென்ன? நிறத்தைப் பற்றிக் கேட்டன். அவையின்ர வழக்கத்தில கலியாணம் கட்டாத பெட்டையளுக்கு வெள்ளையாம், கட்டினவைக்குத்தான் கறுப்பாம். அவ குமரா இருக்கேக்க உடுத்த வெள்ளையும் அவ குடுத்துவிட்ட பெட்டிக்குள்ள அடியில கிடக்குது. எடுத்துப் பாத்தன். உனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி.

— அம்மா...

— பொறு, சொல்லி முடிக்கிறன். தாலி ஏறுமட்டும் நீ கட்டாத பெட்டை. அப்ப அவையின்ர முறைப்படி பாத்தாலும் வெள்ளைதான்! சேர்ச்சில வேதக்காரப் பிள்ளையள் வெள்ளையிலதானே கலியாணம் கட்டுதுகள், வடிவாத்தான் இருக்கும். எப்பிடி கொம்மான்ர மூளை?

— வெள்ளை சரிவராது அம்மா.

— ஏனடி சரிவராது?

— அன்ரி விடமாட்டா. கட்டின பொம்பிளை வெள்ளை உடுத்தால் அது பொய்யாம்.

— இஞ்ச ஆர் கட்டின பொம்பிளை?

— பங்குனியில ஆர்பென்ர விசா முடியப் போச்சுது... அதால றெஜிஸ்ரர் எழுதிப்போட்டம். சொல்லத்தான் இருந்தனான் அம்மா, பயந்துபோனன். குறை நினையாதேங்கோ.

— ஐயோ கடவுளே! இத்தனை மாசமா உன்னைக் குமர்ப்பிள்ளை குமர்ப்பிள்ளை எண்டு, இருட்ட முதல் வீட்டை வா எண்டு கத்தினனே! என்னை விசரியாக்கிப் போட்டியே! சாட்சிக்கு ரெண்டு பேர் வேணுமே. ஆர் கையெழுத்து வைச்சது?

— ஒண்டு ஆர்பென்ர கூட்டாளி.

— மற்றது?

— அப்பா.

— ஓ... அப்பிடியோ. சரி, அந்தக் கறுப்பை இஞ்ச கொண்டா. தோள்பட்டி உனக்கு நீளம், பிடிச்சுத் தாறன். வெள்ளையை மடிச்சுக் கட்டிலில வை, கொப்பர் பென்ரோஸில வேலை முடிஞ்சு வந்த உடன உடுக்கட்டும். இண்டையில இருந்து அவர்தான் இந்த வீட்டில கலியாணம் கட்டாத ஆள்.