காது மூடுறதுக்குள்ள

ஷ்... கேட்டீங்களா? தண்ணிக் குழாய் இல்லக்கா. உள்ள தொட்டில்ல என் பொண்ணு. இருட்டினா ஆரம்பிச்சுடுவா. தொண்டைக்குள்ள ஏதோ உருளுற மாதிரி இல்ல? இந்த ஊர்க்காரங்க பேச்சுல வர்ற சத்தம். எனக்கு வராது. வர்றது இருக்கட்டும், சரியா காதுலயே விழாது.

உக்காருங்க. மூணாவது டெஸ்டுக்கு ஏன் வரலன்னு கேக்கத்தானே ஆராய்ச்சிக்கூடத்துலேருந்து அனுப்பினாங்க? தமிழ் தெரிஞ்ச உங்களை அனுப்பினதே நல்லதாப் போச்சு.

டெஸ்ட்ல குழந்தையை மடியில வச்சுக்கச் சொல்லி, என் காதுல ஹெட்போன் மாட்டிப் பாட்டு போட்டுவிட்டீங்க, அம்மா ஜாடை காட்டிடக் கூடாதுன்னு. ஸ்பீக்கர்ல ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும். அது மாறினா, பெட்டிக்குள்ள பொம்மை முயல் மேளம் கொட்டும். மாறினது தெரிஞ்ச குழந்தை முயலைத் தேடித் திரும்பிப் பாக்கும். அதானே?

ரெண்டாவது தடவை ஹெட்போனை லேசா தள்ளி வச்சுக்கிட்டேன். தப்புதான், கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஆரம்பத்துலேருந்து கடைசிவரை ஒரே சத்தம்தான்க்கா! இவ டக்குனு திரும்பறா. அதுக்கப்புறம்தான் முயல் கொட்டுது. ஆளில்லாத மூலையில யாரோ கூப்பிட்டுத் திரும்பின மாதிரி.

நான் படிச்ச கான்வென்ட்ல சிஸ்டர் ரெண்டு இங்கிலீஷ் எழுத்தை மாத்தி மாத்திச் சொல்லி, வித்தியாசம் தெரியலையான்னு ஸ்கேலால முட்டியில போடுவாங்க. திமிருன்னு நெனச்சாங்க. நிஜமாவே கேக்கலன்னா யார் நம்பறாங்க? நாளைக்கு இவளும் நம்ப மாட்டா. பெத்தவ எனக்கு இவ பேச்சு வெறும் சத்தமா இருக்கும். நான் பேந்தப் பேந்த முழிப்பேன்.

அந்த டாக்டரம்மா சொன்னதை நீங்கதானே எனக்குத் தமிழ்ல சொன்னீங்க? கைக்குழந்தைக்கு எல்லா ஊர்ச் சத்தமும் பிரிச்சுக் கேக்கும், பழகாத சத்தத்துக்கெல்லாம் ஒரு வயசுக்குள்ள காது மூட ஆரம்பிச்சுடும்னு. அதைக் கேட்டப்பறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு.

ஐயோ, அப்படிப் பாக்காதீங்க. பால், சாதம் எல்லாம் நேரத்துக்குக் குடுக்கறேன். குழந்தைக் காப்பகத்துக்கு அனுப்பறதை நிறுத்திட்டேன், அவ்வளவுதான். நாப்பது நாளாச்சு. அங்க பிள்ளைங்களுக்கு அம்மை போட்டிருக்குன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவரு நைட் ஷிப்ட் முடிச்சு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு. டிவி கிடையாது. ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைச்சாச்சு, குளிருன்னு சொல்லி. நாள் பூரா நான் ஒருத்தியே பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு. அப்படியும் பாருங்க... கேக்குதா? நாப்பது நாளா யாரும் சொல்லிக் குடுக்கல. யார்கிட்ட பேசறா?

பையை ஏன் எடுக்கறீங்க? இப்பக் கதவைத் திறந்தா, வேலை விட்டு மாடிப்படி ஏறுறவங்க பேச்சு பூரா உள்ள வந்துடும். ஒரு வயசு முடிய இன்னும் மூணே நாள்க்கா. இன்னொரு தமிழ்க் குரல் கூட இருந்தாப் போதும். வேணாம், கதவுக் கைப்பிடியை விடுங்க. அழாதீங்க, அவ பயந்துடுவா.

இருங்க, மேல் தாழ்ப்பாளையும் போட்டுடறேன். ம். இப்பப் பேசுங்க.