தட்டில் வளரும் ரத்தக்குழாய்

நான் இறங்குற ஸ்டேஷன் ஜனக்புரி வந்தும் மெட்ரோவுலேர்ந்து நான் ஏன் இறங்கலன்னு கேளு செல்வி. பக்கத்துல ஒரு தமிழ்ப் பொண்ணு அவ அம்மாகிட்ட, "ஞாயித்துக்கிழமையும் லேபுக்குப் போகணும்மா, உன் ரத்தக்குழாய்க்குச் சாப்பாடு மாத்தணும்"னு சொல்லுது. அம்மாவோட ரத்தத்துலேர்ந்து செல் எடுத்து, கண்ணாடித் தட்டுல குட்டிக் குழாயா வளர்க்குதாம். அந்தம்மா மூளைக் குழாயில ஏதோ படிஞ்சு மறதி வருதாம். இந்தத் தட்டுக் குழாயிலயும் அதைப் படியவிட்டு, மருந்து ஊத்திப் பாக்குதாம்.

"அந்த மருந்து எனக்கு உதவுமாடி?"

"நாளாகும்மா." பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிச்சு.

"சரி, அழாத. உன் பேரு எனக்கு மறந்துபோச்சுன்னா நீயே சொல்லிக்குடு. தட்டுக்குச் சாப்பாடு வச்சுட்டு ஜல்தி வந்துடு, எனக்கும் நீதான் ஊட்டணும்."

பொண்ணு அம்மா தோள்ல சாஞ்சுக்கிச்சு. இதெல்லாம் பாத்துக்கிட்டிருக்கும்போது பாதியில எப்படி இறங்குறது? இரு செல்வி, போனை வச்சுடாத, மாடியில குரங்கு சத்தம் கேக்குது. காயுற துணியை எடுத்துட்டு வந்துடுறேன்.